பழைய வால்வுப் பெட்டியும் கிற்றார் நாதமும்

1964ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'கிங்க்ஸ்' இசைக்குழுவினர் 'யூ றியலி கொட் மீ' என்னும் பாடலை இசைத்தட்டாக வெளியிட்டனர். அப்பாடலைக் கேட்டோர் மனத்தில் முதலிற் பதிந்தது அதன் சொற்களன்று. கரகரத்து ஒலித்த கிற்றாரின் நாதமே. அதனை வாசித்த டேவ் டேவிஸ் அப்பொழுது பதினேழு வயது இளைஞர். அவரிடம் 'எல்பிகோ' என்னும் சிறிய, விலை மலிந்த அம்பிளிபயர் ஒன்று இருந்தது. அதன் ஒலிபெருக்கியிலுள்ள கடதாசிக் கூம்பைச் சவர அலகினாற் கீறி, அப்பெட்டியை வேறொரு பெரிய அம்பிளிபயருடன் இணைத்து அவர் அந்த நாதத்தைப் பெற்றார். பழுதென்று ஒதுக்கப்படத்தக்க ஓசையே இசையாயிற்று.

மலிவான பழைய வால்வுக் கருவிகளைக் கிற்றாருக்கேற்ற அம்பிளிபயர்களாக மாற்றும் கைத்தொழிலின் அடிப்படையும் இதுவே. இது சிறப்பாக அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இசை ஆர்வலர் பலரை ஈர்த்துள்ளது.

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழல். 1904ஆம் ஆண்டில் பிளெமிங் என்னும் ஆங்கில அறிஞர் இரு முனைகளையுடைய வால்வை அமைத்தார். 1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி பொறஸ்ட் அதற்குள் மூன்றாவது முனையொன்றைச் சேர்த்தார். கம்பி வலை போன்ற அம்முனையிற் சிறிய மின்மாறுதல் ஏற்படின், குழலினூடே பாயும் பெரிய மின்னோட்டம் அதற்கேற்பக் கூடியும் குறைந்தும் செல்லும். மெல்லிய ஓசை பேரோசையாவது இவ்வாறுதான். 1947ஆம் ஆண்டிற் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டபின், வால்வுகள் படிப்படியாக வழக்கொழிந்தன. கூட்டங்களில் முழங்கிய அம்பிளிபயர்களும், பாடசாலைகளிற் படங்காட்டிய கருவிகளின் ஒலிப்பெட்டிகளும், இசைத்தட்டுப் பெட்டிகளும் களஞ்சிய மூலைகளை அடைந்தன.

ஆயினும் அவற்றின் உள்ளுறுப்புகள் கிற்றாருக்கு அந்நியமானவையல்ல. 1936ஆம் ஆண்டில் வெளிவந்த '6 எல் 6' என்னும் வால்வும், அதன் இனத்துச் சிறியதாகிய '6 வி 6' என்பதும், பொதுக்கூட்டக் கருவிகளிலும் புகழ்பெற்ற கிற்றார் அம்பிளிபயர்களிலும் ஒருங்கே பயன்பட்டன. பெல் அன்ட் ஹவல் நிறுவனத்தாரின் 'பில்மோசவுண்ட்' என்னும் 16 மில்லிமீற்றர்ப் படக்கருவியின் ஒலிப்பெட்டி, இவ்வாறு மாற்றப்படுவனவற்றுட் பெயர் பெற்றதொன்று.

பேச்சை ஒலிக்கும் கருவி உள்ளதை உள்ளவாறே ஒலித்தல் வேண்டும். கிற்றாரின் நிலை வேறு. வால்வு தன் எல்லைக்கு அப்பால் உந்தப்படும்போது, ஒலியலையின் உச்சிகள் மழுங்கித் தட்டையாகின்றன. அதனால் மூலச்சுரத்துடன் அதன் மேற்சுரங்கள் பலவும் சேர்ந்து ஒலிக்கின்றன. நரம்பை மெல்லத் தீண்டினால் நாதம் தெளிவாகும். வன்மையாக மீட்டினாற் கரகரக்கும். சொற்பொழிவுக்குக் குறையாவது இங்கே நிறைவாகின்றது. கருவியும் வாத்தியத்தின் ஒரு பகுதியாகிவிடுகின்றது.

மாற்றும் வேலையில் முதலாவது, கிற்றாரின் மின்னலை நுழையும் வாயிலைச் சீர்செய்தல். கிற்றாரிலுள்ள காந்தச் சுருள் தருவது மிக நுண்ணிய மின்னலை. தடை குறைந்த ஒலிவாங்கி வாயிலில் அதனைச் செலுத்தினால், உயர்சுரங்கள் மங்கிவிடும். ஆதலின் ஏறக்குறைய 10 இலட்சம் ஓம் தடையுடைய வாயில் வேண்டும். இசைத்தட்டுப் பெட்டியாயின் அதன் பெருக்கும் ஆற்றல் போதாது. முன்னணியில் இன்னுமொரு வால்வுப் படியைச் சேர்க்க நேரிடும். ஒலியைத் திருத்தமாக்கும் பொருட்டு, வெளிவரும் அலையின் ஒரு பங்கைத் திரும்ப உட்செலுத்தும் அமைப்பும் பல கருவிகளில் உண்டு. அதனைத் துண்டித்தால் நாதம் உயிர்ப்புறும். பொதுக்கூட்டக் கருவிகள் சிலவற்றில், தொலைவிலுள்ள பல ஒலிபெருக்கிகளுக்காக 70 அல்லது 100 வோல்ற் வெளிவாயில் இருக்கும். கிற்றாருக்கு அஃது உதவாது. 8 அல்லது 16 ஓம் முனையையே தெரிந்துகொள்ளல் வேண்டும். ஒலிபெருக்கியை இணைக்காமற் கருவியை ஒருபோதும் இயக்கலாகாது; வெளிவாயிலிலுள்ள மின்மாற்றி எரிந்துபோகக்கூடும்.

இனி, யாவற்றினும் முக்கியமானதொன்று உண்டு. 1972ஆம் ஆண்டு மே மாதம் வேல்சிலுள்ள சுவான்சி நகரில், 'ஸ்ரோன் த குறோஸ்' குழுவின் கிற்றார்க் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையில் நின்றவாறே ஒலிவாங்கியைத் தொட்டார். அது முறையாகப் புவித்தொடுப்புச் செய்யப்பட்டிருக்கவில்லை. மின்தாக்குண்டு அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. கிற்றாரின் நரம்புகள் உலோகத்தாலானவை. அவை கம்பிவழியே அம்பிளிபயரின் உலோக அடித்தட்டுடன் தொடர்புடையவை. அத்தட்டில் மின்சாரம் ஏறினால், அது வாசிப்பவரின் விரல்களில் ஏறியதாகும்.

இதனாலேயே, பெட்டியை வாங்குமுன் அதில் மின்வழங்கலைப் பிரித்து வைக்கும் மின்மாற்றி உண்டா எனப் பார்த்தல் வேண்டும். விலையைக் குறைப்பதற்காக அம்மின்மாற்றியின்றியே சில மலிவுப் பெட்டிகள் செய்யப்பட்டன. அவற்றின் அடித்தட்டு வீட்டு மின்கம்பியுடன் நேரே இணைந்திருக்கலாம். அத்தகையவற்றைப் பயில்பவர் தொடாது விடுதலே அறிவுடைமை. அமெரிக்கக் கருவிகள் ஏறத்தாழ 117 வோல்ற்றுக்காக அமைந்தவை. இலங்கையின் 230 வோல்ற் மின்சாரத்தில் அவற்றை இயக்க, அளவைக் குறைக்கும் மின்மாற்றி வேண்டும். ஒரே சுற்றினாலாகிய மலிவான மின்மாற்றி வோல்ற் அளவைக் குறைக்குமேயன்றி, மின்வழங்கலிலிருந்து பிரித்துக் காப்பளிக்காது.

பழைய இரு கம்பி வடத்தை அகற்றி மூன்று கம்பி வடம் பொருத்தி, புவிக்கம்பியை அடித்தட்டில் உறுதியாகப் பிணைத்தல் வேண்டும். மின்கம்பிக்கும் அடித்தட்டுக்கும் இடையே முன்னாளில் வைக்கப்பட்ட கொண்டென்சரை நீக்கிவிடல் வேண்டும். அது பழுதுற்றாற் தட்டில் மின்சாரம் ஏறும். உருகியும் ஆளியும் மின்னேறிய கம்பியிலேயே இருத்தல் வேண்டும். கடதாசியாலான பழைய கொண்டென்சர்களில் மின்கசிவு உண்டாகிப் பெரிய வால்வு செந்நிறமாகக் காய்ந்து கெடும். வடிகட்டும் கொண்டென்சர்கள் உலர்ந்துவிட்டால் இரைச்சல் மிகும். இவ்விரண்டையும் புதியனவாக மாற்றுவதே முறை. முதன்முறை இயக்கும்போது ஒரு மின்குமிழைத் தொடராக இணைத்தல் நன்று. உள்ளே பழுதிருப்பின் குமிழ் பிரகாசமாக எரிந்து எச்சரிக்கும்.

மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. இக்கருவிகளினுள்ளே 250 முதல் 400 வோல்ற் வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும், மின்னழுத்தம் உண்டு. கொண்டென்சர்கள் அதனை நெடுநேரம் தேக்கி வைத்திருக்கும். தக்க தடையொன்றினூடாக அதனை வெளியேற்றி, அளவுகருவியால் உறுதிசெய்த பின்னரே கைவைத்தல் தகும். அனுபவமில்லாதவர் தேர்ந்த தொழில்நுட்பர் ஒருவரை அருகில் வைத்தே இதனைப் பயிலல் வேண்டும்.

கிற்றாருக்கென்றே செய்யப்பட்ட வால்வுக் கருவியின் விலை பலருக்கு எட்டாதது. களஞ்சியத்திற் கிடந்த பெட்டியொன்று அக்குறையைத் தீர்க்குமாயின் அது நற்பேறே. ஆனால் அப்பெட்டியின் உண்மை விலையில் புதிய வடமும், புதிய கொண்டென்சர்களும், பொறுமையும் அடங்கும். இவற்றையும் செலுத்தியவனுக்கே அப்பழைய வால்வுகளின் செவ்வொளி இசையாகக் கனியும்.