நான்கு மீட்டர் படகில் ஒரு சமுத்திரம்

"காற்று எதிரே அடிக்கும்போது பாய்மரப் படகு எப்படி ஐயா முன்னே போகும்? பின்னால் அல்லவா தள்ளப்பட வேண்டும்?" விசைகளின் இணைகர விதியை நடத்தி முடித்த ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவர் இப்படிக் கேட்டார். நல்ல கேள்வி. பாடப் புத்தகத்தில் அம்புக்குறிகள் போட்டுக் காட்டியிருப்பார்கள். ஆனாலும் மனம் ஒப்பாது.

ஓர் ஈரமான புளியங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அழுத்துங்கள். விருட்டென்று எகிறிப் போகிறதல்லவா? நீங்கள் அழுத்தியது இரு பக்கங்களிலிருந்து. அது பாய்ந்ததோ முன்னோக்கி. பாய்மரப் படகும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. ஒரு விரல் காற்று. மற்றொரு விரல் தண்ணீர்.

காற்று முன்பக்கம் இடதுபுறமிருந்து வருவதாக வைத்துக்கொள்வோம். படகோட்டி பாயை இழுத்து, படகின் நீளவாக்கை ஒட்டினாற்போல் கட்டுகிறார். அப்போது பாயின்மேல் செயல்படும் விசை பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும். அதன் சிறு கூறு ஒன்றே முன்னோக்கி இருக்கும். பக்கவாட்டு விசையைப் படகின் அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஏரா என்னும் தகடு தடுத்துவிடுகிறது. மிஞ்சுவது முன்னோக்கிய கூறு. படகு நகர்கிறது! நேர் எதிரே மட்டும் போக முடியாது. காற்றின் திசைக்குச் சுமார் 45 பாகை விலகி, ஒரு முறை இடமாகவும் ஒரு முறை வலமாகவும் வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும்.

மேலை நாடுகளில் விடுமுறை நாட்களில் ஏரியிலும் கரையோரக் கடலிலும் உல்லாசமாகச் செல்வதற்கென்று சிறு பாய்மரப் படகுகள் இருக்கின்றன. நான்கைந்து மீட்டர் நீளம். இருவர் படுக்க ஒரு சின்ன அறை. காருக்குப் பின்னால் வண்டியில் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்துவிடலாம். 'பாக்கெட் குரூஸர்' என்று செல்லமாகச் சொல்வார்கள்.

பெரிய கப்பலை அப்படியே சிறிதாக்கினால் சிறு படகு கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. காற்று படகைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன், பாயின் பரப்பையும் உயரத்தையும் பொறுத்தது. எல்லா அளவுகளையும் பாதியாக்கினால் பரப்பு கால் பங்காகும். உயரம் அரைப் பங்காகும். ஆக, கவிழ்க்கும் திறன் 8-இல் 1 பங்கு. சரி, படகை நிமிர்த்தும் திறன்? அது எடையையும் நெம்புகோல் தூரத்தையும் பொறுத்தது. எடை 8-இல் 1 பங்கு, தூரம் பாதி, ஆக 16-இல் 1 பங்கு. கவிழ்ப்பது எட்டு மடங்கு குறைந்தால், காப்பது பதினாறு மடங்கு குறைகிறது! அதே காற்றில், பாதி அளவுள்ள படகு இரு மடங்கு எளிதாகச் சாய்ந்துவிடும்.

இதனால்தான் சிறு படகை அதன் நீளத்துக்கு மிக அகலமாகக் கட்டுகிறார்கள். காற்று வலுத்தால் பாயைச் சுருக்குகிறார்கள். படகோட்டியும் காற்று வரும் பக்கத்து விளிம்பில் போய் உட்கார்ந்துகொள்கிறார். 200 கிலோ படகில் 60 கிலோ மனிதர் என்பது லேசான சங்கதியா? ஆனால் அகலத்திலும் ஓர் ஆபத்து உண்டு. அகலமான படகு முற்றிலும் கவிழ்ந்துவிட்டால், தலைகீழாகவும் உறுதியாகவே மிதக்கும். திரும்ப நிமிர வேண்டுமானால் ஈர்ப்பு மையம் நன்றாகக் கீழே இருக்க வேண்டும். காலி மருந்துக் குப்பி ஒன்றை மூடித் தண்ணீரில் போடுங்கள், படுத்துக்கொள்ளும். அடியில் களிமண்ணை அழுத்தி ஒட்டி மறுபடி மூடிப் போடுங்கள். எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும்.

இந்தக் கணக்குகளை உயிரைப் பணயம் வைத்துச் சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ராபர்ட் மான்றி என்பவர். இமயமலைச் சாரலில் உள்ள லண்டூரில் 1918-இல் பிறந்தவர். பின்னர் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராகப் பணியாற்றினார். 1958-இல் 160 டாலருக்கு ஒரு பழைய மரப்படகை வாங்கினார். நீளம் பதின்மூன்றரை அடி, அதாவது 4.1 மீட்டர். குடும்பத்தோடு ஏரியில் சென்றுவரத்தான் வாங்கினார். 'டிங்கர்பெல்' என்று பெயரிட்டார். பெரிய படகில் அட்லாண்டிக்கைக் கடக்கலாம் என்று அழைத்திருந்த நண்பர் பின்வாங்கவே, இந்தப் படகிலேயே தனியாகப் புறப்படத் தீர்மானித்தார்.

அசட்டுத் துணிச்சல் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர் செய்த முன்னேற்பாடுகளைப் பாருங்கள். நடுப்பலகைக்குப் பதிலாகக் கனமான ஏரா ஒன்றைப் பொருத்தினார். நீர் நிறைந்தாலும் மூழ்காதிருக்க உள்ளே பாலிஸ்டைரின் நுரைக் கட்டிகளை அடைத்தார். தம் உடலைக் கயிற்றால் படகோடு பிணைத்துக்கொண்டார். 1965 ஜூன் 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால்மத்திலிருந்து புறப்பட்டார். மறுநாள் நடுக்கடலில் அவருக்கு 47 வயது நிறைந்தது. ஏறக்குறைய என் வயதுதான். எனக்கோ தெப்பக்குளத்துப் படகில் ஏறவே சற்றுத் தயக்கம்.

அலைகள் அவரைப் பலமுறை கடலில் தூக்கி எறிந்தன. ஒவ்வொரு முறையும் கயிற்றைப் பற்றிப் படகுக்குத் திரும்பினார். தூக்கம் கெட்டு, இல்லாத மனிதர்களெல்லாம் கண்முன்னே தோன்றினார்கள். மனம் தடுமாறிய அந்த நேரங்களிலும் படகின் ஈர்ப்பு மையம் கீழேயே இருந்தது!

ஏன் விரைவாகப் போய்ச் சேரவில்லை என்று கேட்பீர்கள். அதற்கும் இயற்பியலே தடை. ஓடும் படகு தன் முன்னும் பின்னும் அலையை எழுப்புகிறது. அலையின் வேகம், மீட்டரில் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தை 1.25-ஆல் பெருக்கினால் கிடைக்கும், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று. படகின் நீளமும் அலைநீளமும் சமமாகும்போது, தான் எழுப்பிய அலை மேட்டிலேயே படகு ஏற வேண்டியதாகிறது. நான்கு மீட்டர் படகுக்கு அந்த எல்லை வினாடிக்கு 2.5 மீட்டர், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர். நூறு மீட்டர் கப்பலுக்கோ மணிக்கு 45 கிலோமீட்டர். போட்டுப் பாருங்கள்.

மான்றி 1965 ஆகஸ்டு 17 அன்று இங்கிலாந்தில் கார்ன்வாலைச் சேர்ந்த ஃபால்மத் துறைமுகத்தை அடைந்தார். ஊர்ப் பெயரும் அதே! எண்ணற்ற படகுகளும் பெருங்கூட்டமும் அவரை எதிர்கொண்டன. 78 நாட்களில் சுமார் 5,100 கிலோமீட்டர். தூங்கிய நேரத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், மணிக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. நீங்கள் பள்ளிக்கு நடந்து போகும் வேகத்தைவிடக் குறைவு.