ஏட்டுப் படிப்பும் வீட்டுத் திண்ணையும்

"சரித்திரமும் இலக்கியமும் படிக்கப் போகிறாளாம், கூடவே சமூகப் பணி என்று வேறொரு பாடமாம். இவற்றால் சோறு கிடைக்குமா, ஸார்?" என்று ஒரு மாணவியின் தந்தையார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். விடை கூறுமுன் என் சொந்த அநுபவம் ஒன்றைச் சொன்னேன்.

நான் பட்டம் பெற்று உபாத்தியாயராக அமர்ந்த புதிதில், கெட்டிக்காரப் பையன் ஒருவன் திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் வீட்டுக்குச் சென்று, கல்வியின் பெருமையைப் பற்றி அவன் தாயாருக்கு அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். அந்த அம்மாள் தலை குனிந்தவண்ணம் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் கணவன் படுத்த படுக்கையாய்க் கிடந்ததையும், சைக்கிள் கடையில் பையன் பெறும் கூலியே குடும்பத்துக்கு ஆதாரம் என்பதையும் பல நாள் கழித்துப் பிறர் சொல்லி அறிந்தேன். என் படிப்பு எனக்குப் பேசக் கற்றுக் கொடுத்திருந்தது. கேட்கக் கற்றுக் கொடுக்கவில்லை. பையன் திரும்பி வரவேயில்லை.

படித்தவர்களின் இந்தக் குறையை உணர்ந்தே, 1884-ஆம் ஆண்டில் ஸாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் லண்டனின் ஏழைப் பகுதி ஒன்றில் டாயின்பி ஹாலை நிறுவினார்கள். சர்வகலாசாலைப் பட்டதாரிகள் அங்கே தங்கி, ஏழைகளின் அண்டை வீட்டாராய் வாழ வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக்ஸ்போர்டில் சரித்திரம் படித்த கிளமெண்ட் அட்லி, 1910-ல் சில காலம் அதன் காரியதரிசியாக இருந்தார். அதற்கு முன்பே கிழக்கு லண்டனில் ஏழைச் சிறுவர் மன்றம் ஒன்றை நடத்தி, அங்கேயே வசித்தவர் அவர். 1920-ல் சமூக ஊழியரைப் பற்றி நூலும் எழுதினார். 1947-ல் இந்திய சுதந்திர மசோதா பிரிட்டிஷ் பார்லிமெண்டில் நிறைவேறியபோது பிரதம மந்திரி அவரே.

நம் தேசத்திலும் 1936-ல் ஸர் தோராப்ஜி டாட்டாவின் பெயரால் பட்டதாரிகளுக்கென்று சமூகப் பணிப் பள்ளி ஒன்று பம்பாயில் தோன்றியது. ஆஸ்திரேலியாவில் இப்பொழுது கலையையும் சமூகப் பணியையும் ஒருங்கே படித்து இரு பட்டங்கள் பெறலாம். சமூகப் பணிப் பட்டத்துக்கு அங்கே 1,000 மணி நேரம் களப் பயிற்சி வேண்டும்.

சேர்த்துப் படிப்பதால் லாபம் என்ன? குடிசைப் பகுதி ஒன்றைக் கண்டால், 'இது எப்படி உண்டாயிற்று?' என்று கேட்பான் சரித்திரம் படித்தவன். 'இந்த வீட்டில் இன்று அடுப்பு எரிகிறதா?' என்று கேட்பான் சமூகப் பணி பயின்றவன். முதற் கேள்வி மட்டும் தெரிந்தவன் கட்டுரை எழுதிவிட்டுத் தூங்கிப் போவான். இரண்டாவது மட்டும் தெரிந்தவன் நாள்தோறும் கஞ்சி வார்த்தும் பசி ஏன் தீரவில்லை என்று திகைப்பான். இரண்டும் அறிந்தவனோ குறுக்கிடாமல் கேட்பான். கேட்டதைத் தன் கற்பனை கலவாமல் குறித்து வைப்பான். அதை அதிகாரிகளுக்கு விளங்கும்படி மனுவாக எழுதுவான். தன்னால் ஆகாததைத் தக்கவரிடம் ஒப்புவிப்பான். ஆஸ்பத்திரியிலும் சிறுவர் இல்லத்திலும் பள்ளிக்கூடத்திலும் இத்தகையவருக்கு வேலை உண்டு.

"சம்பளம் ஏராளமாக வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்று அந்தப் பையனின் வீட்டுக்கு என்னைப் போன்றவன் போகாமல், இரண்டும் படித்த உங்கள் பெண்ணைப் போன்ற ஒருத்தி போயிருந்தால், திண்ணையில் உட்கார்ந்து, 'வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, அம்மா?' என்று முதலில் கேட்டிருப்பாள்" என்றேன்.