செகோவியா

செகோவியா என்பது ஸ்பெயின் நாட்டின் காஸ்டீல்-லெயோன் தன்னாட்சிப் பகுதியில் அமைந்துள்ள ஒரு பழமையான நகரமாகும். செகோவியா மாகாணத்தின் தலைநகரமும் இதுவே. நாட்டின் தலைநகரான மாட்ரிட்டுக்கு வடமேற்கே, குவாதர்ராமா மலைத்தொடருக்கு அப்பால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் இது உள்ளது. ரோமர் காலத்துத் தொட்டிப்பாலம், அல்காசர் எனப்படும் கோட்டை அரண்மனை, கோதிக் பாணியில் அமைந்த பேராலயம் ஆகிய மூன்றும் இந்நகரின் சிறப்பு அடையாளங்கள் ஆகும். 1985 ஆம் ஆண்டில் பழைய நகரமும் தொட்டிப்பாலமும் யுனெஸ்கோவால் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

அமைவிடம்

எரெஸ்மா, கிளாமோரெஸ் என்னும் இரு சிற்றாறுகளுக்கு இடைப்பட்ட நீண்ட பாறைக் குன்றின் மீது பழைய நகரம் அமைந்துள்ளது. இவ்வாறுகள் குன்றின் மேற்கு முனையில் ஒன்று சேர்கின்றன. அம்முனையில்தான் அல்காசர் நிற்கின்றது. மூன்று பக்கமும் பள்ளத்தாக்கு இருப்பதனால் இவ்விடம் இயற்கையாகவே அரண் பெற்றது. எனினும் குன்றின் மேல் போதிய நீர் இல்லை. இக்குறையே தொட்டிப்பாலம் தோன்றக் காரணமாயிற்று.

தொட்டிப்பாலம்

மலையில் ஊற்றெடுக்கும் நீரைச் சுமார் 15 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவிலிருந்து நகருக்குக் கொண்டுவர ரோமர் இதனைக் கட்டினர். கட்டப்பட்ட காலம் கி.பி. முதலாம் நூற்றாண்டு அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பது ஆய்வாளர் கருத்து. பாலத்தில் பதிக்கப்பட்டிருந்த வெண்கல எழுத்துகள் மறைந்துவிட்டன. அவற்றைப் பொருத்திய துளைகள் மட்டுமே எஞ்சியுள்ளமையால் காலத்தை உறுதி செய்வது கடினமாக உள்ளது.

நீர் பெரும்பகுதித் தொலைவு தரையை ஒட்டிய கால்வாயிலேயே வந்தது. வழியில் உள்ள தொட்டிகளில் மணல் படிந்த பின்னர் தெளிந்த நீர் மேற்கொண்டு சென்றது. நகருக்கு முன்னுள்ள தாழ்வான பகுதியைக் கடக்கவே வளைவுகள் தேவைப்பட்டன. மொத்தம் 167 வளைவுகள் உள்ளன. அசோகெகோ சதுக்கத்தில் பாலம் ஏறத்தாழ 28 மீட்டர் உயரத்தில், இரண்டு அடுக்குகளாக நிற்கின்றது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கருங்கற்கள் சுண்ணாம்புச் சாந்து எதுவுமின்றி, ஒன்றன் எடை மற்றொன்றின் மேல் தாங்கி நிற்குமாறு அடுக்கப்பட்டுள்ளன. கற்களைத் தூக்குவதற்காக இடுக்கி பிடித்த குழிகளை இன்றும் காணலாம்.

1072 ஆம் ஆண்டில் நடந்த தாக்குதலில் 36 வளைவுகள் அழிந்தன என்று கூறப்படுகிறது. 15 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவை மீண்டும் கட்டப்பட்டன. எல் பார்ரல் மடத்துத் துறவி ஹுவான் தே எஸ்கொபேதோ இப்பணியை மேற்கொண்டார். 20 ஆம் நூற்றாண்டில் வேறு வகையான ஆபத்து ஏற்பட்டது. வளைவுகளின் கீழே சென்ற வாகனங்களின் புகையும் அதிர்வும் கற்களைப் பாதித்தன. 1992 ஆம் ஆண்டில் பாலத்தின் கீழ் வாகனப் போக்குவரத்து தடை செய்யப்பட்டது.

தொட்டிப்பாலம் குறித்து ஒரு நாட்டார் கதை வழங்குகின்றது. நாள்தோறும் குடத்தில் நீர் சுமந்து களைத்த ஒரு பணிப்பெண், சேவல் கூவுமுன் நீர் வீட்டு வாசலுக்கு வருமாயின் தன் ஆன்மாவைத் தருவதாகச் சாத்தானிடம் கூறினாளாம். இரவெல்லாம் சாத்தான் பாலம் கட்டினான். கடைசிக் கல் ஒன்று எஞ்சியிருக்கையில் பொழுது விடிந்துவிட்டதனால் பெண் தப்பினாள் என்பது கதை.

அல்காசர்

அல்காசர் என்ற சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. 12 ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் குறிக்கப்படும் இக்கோட்டை, பின்னர் காஸ்டீல் மன்னர்களின் அரண்மனையாக விரிவடைந்தது. 1474 டிசம்பர் 13 அன்று இசபெல்லா செகோவியாவில் காஸ்டீலின் அரசியாக அறிவிக்கப்பட்டார். 1570 ஆம் ஆண்டில் இரண்டாம் பிலிப்புக்கும் ஆஸ்திரியாவின் ஆனாவுக்கும் இங்கு திருமணம் நடைபெற்றது. கூரிய பலகைக்கல் கூரைகள் பிலிப்பின் காலத்தவை.

அரசவை மாட்ரிட்டுக்குச் சென்ற பின்னர் அல்காசர் சிறையாகவும், 1764 முதல் பீரங்கிப் படைக் கல்லூரியாகவும் விளங்கியது. மாறா விகித விதியை முன்வைத்த வேதியியலாளர் லூயி புரூஸ்ட் இக்கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர் ஆவார். 1862 மார்ச் 6 அன்று ஏற்பட்ட தீயில் கூரைகளும் வேலைப்பாடு மிக்க மரக் கூடங்களும் அழிந்தன. தீ விபத்துக்கு முன்னர் ஓவியர் ஒருவர் வரைந்து வைத்திருந்த படங்களைக் கொண்டே அறைகள் பின்னர் புதுப்பிக்கப்பட்டன. எனவே இன்று காணப்படும் உட்கூரைகளில் பெரும்பாலானவை மூலப் பொருட்கள் அல்ல என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டாம் ஹுவான் கோபுரத்தின் 150க்கும் மேற்பட்ட படிகளை ஏறினால் நகரையும் மலைகளையும் ஒருங்கே காணலாம்.

பேராலயமும் யூதர் குடியிருப்பும்

பழைய பேராலயம் அல்காசருக்கு அருகில் இருந்தது. 1520-21 ஆம் ஆண்டுகளில் நடந்த கொமுனெரோ கிளர்ச்சியின்போது இது சேதமுற்றதனால், புதிய பேராலயம் 1525 ஆம் ஆண்டில் வேறிடத்தில் தொடங்கப்பட்டது. ஐரோப்பாவில் மறுமலர்ச்சிப் பாணி பரவிய காலத்தில் கோதிக் பாணியில் எழுந்த இது, ஸ்பெயினின் கடைசிக் கோதிக் பேராலயங்களுள் ஒன்றாகும்.

பேராலயத்தின் தெற்கே யூதர் குடியிருப்பின் ஒடுங்கிய தெருக்கள் உள்ளன. 1492 ஆம் ஆண்டு ஆணையின்படி, மதம் மாறாத யூதர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதற்கு முன்னரே தேவாலயமாக மாற்றப்பட்ட முதன்மைத் தொழுகைக் கூடம் 1899 ஆம் ஆண்டில் எரிந்து, பின்னர் புதுப்பிக்கப்பட்டது. கிளாமோரெஸ் பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் யூதர்களின் பாறைக் கல்லறைகள் காணப்படுகின்றன. வெளியேறும் நாளை எதிர்நோக்கியிருந்த சிலர் இக்கல்லறைகளிலேயே தங்கியிருந்தனர் என்று கூறப்படுகிறது.

சுற்றுப்புறம்

* லா கிராங்கா: நகரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அரண்மனை. ஐந்தாம் பிலிப் 1721 முதல் கட்டுவித்தார். இதன் நீரூற்றுகள் மேட்டில் உள்ள குளத்து நீரின் அழுத்தத்தினாலேயே இயங்குகின்றன.
* கோக்கா கோட்டை: 15 ஆம் நூற்றாண்டில் பொன்செக்கா குடும்பத்தினர் செங்கல்லால் கட்டியது. முதேகர் கலைப்பாணிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.
* பெத்ராசா: ஒரே வாயிலை உடைய மதில் சூழ்ந்த சிற்றூர். இதன் கோட்டையில் பிரான்சு மன்னன் முதலாம் பிரான்சுவாவின் இரு மகன்கள் பிணையாக வைக்கப்பட்டிருந்தனர்.
* துராத்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு: செபுல்வேதா ஊருக்கு அருகில் உள்ள இயற்கைப் பூங்கா. செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளில் பெருங்கழுகுகள் கூடு கட்டுகின்றன.

உணவு

அடுப்பில் வாட்டிய பால்குடிப் பன்றிக்குட்டி இந்நகரின் புகழ் பெற்ற உணவு. இறைச்சி மென்மையாக வெந்திருப்பதைக் காட்ட, கத்திக்குப் பதிலாகத் தட்டின் விளிம்பால் வெட்டும் வழக்கம் உண்டு. லா கிராங்காவின் பெரிய வெள்ளை அவரை விதைகளும் பெயர் பெற்றவை.

போக்குவரத்து

2007 டிசம்பர் மாதம் தொடங்கப்பட்ட அதிவேகத் தொடர்வண்டிப் பாதையின் மூலம் மாட்ரிட்டிலிருந்து அரை மணி நேரத்திற்குள் செகோவியாவை அடையலாம். இப்பாதை குவாதர்ராமா மலையை 28 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியே கடக்கின்றது. நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதனால் அங்கிருந்து பேருந்தில் தொட்டிப்பாலத்திற்குச் செல்ல வேண்டும். பழைய நகரை நடந்தே சுற்றிப் பார்க்கலாம். தொட்டிப்பாலத்தில் தொடங்கிப் பேராலயம் வழியாக அல்காசர் வரை செல்வது வழக்கமான பாதையாகும். எரெஸ்மா ஆற்றங்கரையில், 1208 ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பட்ட பன்னிரு பக்கங்கள் கொண்ட வேரா குருஸ் தேவாலயத்தின் அருகிலிருந்து பார்க்கும்போது அல்காசரின் முழுத் தோற்றமும் தெரியும்.