பழைய சோறு புளிப்பது ஏன்?

இரவுச் சாப்பாடு முடிந்தது. பானையில் இரண்டு கை சோறு மிச்சம். பாட்டி அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி மூடி வைக்கிறார். காலையில் உப்புப் போட்டுப் பிசைந்து, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு உங்களுக்குத் தருகிறார். அந்தப் பழைய சோற்றின் ருசியை எளிதில் மறக்க முடியுமா?

தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்தால் அதே சோறு காலையில் ஊசிப்போய் நாற்றமடித்திருக்கும். ஒரே சோறு, ஒரே இரவு. ஏன் இந்த வேறுபாடு?

சோற்றில் யார் முதலில் பெருகுவது என்று நுண்ணுயிர்களுக்குள் இரவு முழுவதும் போட்டி நடக்கிறது. விடை அதில்தான் இருக்கிறது.

வயல் மண்ணில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. அது அரிசியோடு நம் வீட்டுக்கும் வருகிறது. கொதிக்கும் உலையில் மற்ற கிருமிகள் மடியும்; ஆனால் இதன் ஸ்போர்கள், அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் வித்துகள், பிழைத்துக்கொள்ளும். குவியலாகக் கிடக்கும் சோற்றின் நடுப்பகுதி வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சூட்டில் வித்துகள் விழித்துப் பெருகுகின்றன.

தண்ணீர் ஊற்றினால் சோறு விரைவில் ஆறுகிறது. மண்பானையானால் அதன் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகி மேலும் குளிரவைக்கும். காற்றும் சோற்றை எளிதில் எட்டாது. இச்சூழலில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் செழிக்கின்றன. பாலைத் தயிராக்குபவையும் இந்த இனத்தவைதாம். மாவுச்சத்திலிருந்து பிரியும் சர்க்கரையை இவை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அதுவே நீராகாரத்தின் புளிப்பு! புளிப்பு ஏற ஏறப் பேசில்லஸ் செரியஸின் வளர்ச்சி தளர்கிறது. பி.எச். அளவு 4-ஐ நெருங்கினால் அதனால் பெருகவே முடியாது.

இதை நீங்களே சோதிக்கலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இரண்டு நீல லிட்மஸ் தாள்கள் கேட்டு வாங்குங்கள். ஒன்றைக் குடிநீரிலும் மற்றொன்றை நீராகாரத்திலும் தோய்த்துப் பாருங்கள். நீராகாரத்தில் தோய்த்த தாள் சிவக்கும். அமிலம் இருப்பதற்கு அதுவே சான்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. "மிஞ்சிய சோற்றைச் சூடாக்கிவிட்டால் கிருமி செத்துவிடுமே, பிறகென்ன பயம்?" என்று நீங்கள் கேட்கலாம். கிருமி சாகும், ஆனால் அது ஏற்கெனவே கக்கிவைத்த ஒரு நஞ்சு சாகாது. 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது சிதைவதில்லை! சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வரும். பிரிட்டனில் 1971-இல், உணவகங்களின் வறுத்த சோற்றைச் சாப்பிட்டவர்களிடம்தான் இந்நோய் முதலில் கண்டறியப்பட்டது. சமைத்த சோற்றை வெளியே நெடுநேரம் வைத்திருந்து, பிறகு வறுத்ததே காரணம்.

எனவே எலுமிச்சைச் சோற்றுக்கோ தாளித்த சோற்றுக்கோ எடுத்து வைப்பதானால், சோற்றைத் தட்டில் பரப்பி ஆற்றி, உடனே குளிர்ப்பெட்டியில் வையுங்கள். பழைய சோறாக்குவதானால், சுத்தமான பானையில் நல்ல தண்ணீரை இரவே ஊற்றுங்கள். காலையில் ஊற்றிப் பயனில்லை. தண்ணீர் ஊற்றியதாலேயே எந்தச் சோறும் காப்பாற்றப்பட்டுவிடும் என்றும் எண்ணாதீர்கள். புளிப்பு மணம் இல்லாமல் கெட்ட நாற்றமடித்தாலோ, நூல் விட்டாலோ, நிறம் மாறினாலோ கொட்டிவிடுங்கள்.

பாட்டி பி.எச். அளந்ததில்லை. ஆனால் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றாமல் அவர் ஒரு நாளும் படுக்கப் போனதில்லை. அந்தப் பழக்கத்தின் காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.