கோவை தந்த டா வின்சி

லியோனார்டோ டா வின்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது மோனாலிசா ஓவியம். ஆனால் 1452-இல் இத்தாலியில் பிறந்த அந்த மேதை ஓவியர் மட்டும் அல்லர். மிலான் நகரப் பிரபுவிடம் வேலை கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் பாலம், பீரங்கி, கட்டடம் என்று தமக்குத் தெரிந்த தொழில்களை அடுக்கிவிட்டு, கடைசியில்தான் ஓவியமும் வரைவேன் என்று குறிப்பிட்டார். பிணங்களை அறுத்து நரம்பையும் தசையையும் வரைந்தார். பறவையின் சிறகைக் கவனித்துப் பறக்கும் பொறிக்குப் படம் போட்டார். உயர்கல்வி பெறாத அவருக்கு ஓவியப் பட்டறையே பள்ளிக்கூடம்.

தமிழ்நாட்டிலும் அப்படி ஒருவர் வாழ்ந்தார். அவர்தான் ஜி.டி. நாயுடு. கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. பாகம் பாகமாகக் கழற்றி மறுபடியும் பூட்டினார்!

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார்களில் ஒன்றைத் தயாரித்தார். கோவை பின்னாளில் மோட்டார், பம்ப்செட் நகரமானதற்கு அது ஒரு வித்து. பேட்டரியில் ஓடும் சவர இயந்திரம், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, வாக்குப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். அதோடு நிற்காமல் வயலில் இறங்கிப் பருத்தியிலும் பப்பாளியிலும் புதுமை செய்தார். காமிராவிலும் கைதேர்ந்தவர்.

இவை தனித்தனித் திறமைகளா? அல்ல என்பது என் கருத்து. ‘இது எப்படி வேலை செய்கிறது?’ என்ற ஒரே கேள்வியை அவர் இயந்திரத்திடமும் கேட்டார், செடியிடமும் கேட்டார். டா வின்சியும் அதைத்தான் செய்தார். ஆனால் அவருடைய பொறிகளில் பல காகிதத்திலேயே நின்றுவிட்டன. நாயுடு தம்முடையவற்றைச் செய்தே காட்டினார்.

1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் தொடங்கக் காரணமாக இருந்தவரும் அவரே. ஆண்டுக்கணக்கில் புத்தகம் படிப்பதைவிடக் குறுகிய காலத்தில் பட்டறையில் கற்பதே மேல் என்று வாதாடினார். அரசு இசையாததால் விலகிக்கொண்டார்.

டிப்ளமோவோடு ரயில்வேயில் சேர்ந்த எனக்கு அந்த வாதத்தின் அருமை தெரியும். தேர்வில் முதலிடம் பெற்றுவிட்டு, ஒரு நட்டைக் கழற்றத் தயங்கிய இளைஞர்களைப் பணிமனையில் பார்த்திருக்கிறேன்.

நம் தங்கவயலிலும் கைத்திறனுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்திலிருந்து ஆளையும் தாதுவையும் மேலேற்றிய பொறிகளைப் பழுதுபார்த்து ஓட்டியவர்கள் நம் தந்தையரும் பாட்டன்மாரும். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள் நம் பிள்ளைகள். ‘கையில் எண்ணெய்க் கறை படாத வேலையாகப் பார்’ என்றுதான் அவர்களிடம் சொல்கிறோம். பாட்டனின் திறமை பேரனிடம் சேராமல் போவது தங்கம் தீர்ந்ததைவிடப் பெரிய இழப்பு அல்லவா?

பெற்றோர்களே, கோவைக்குப் போகும்போது அவிநாசி சாலையில் உள்ள நாயுடு அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வீட்டில் பழைய கடிகாரத்தையோ ரேடியோவையோ பிள்ளை பிரித்துப் போட்டால் அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘சரி, இதைத் திரும்பப் பூட்டு, பார்க்கலாம்’ என்று சொல்லுங்கள்.