ஒரு பேரெண்ணின் வரலாறு

ஒன்றினும் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிற எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11 என்பன அத்தகையவை. எக்காலும் பகா எண்ணையே தரும் எளிய விதி ஒன்றைக் காணவேண்டுமென்பது கணித அறிஞர் பலரின் நெடுநாள் அவாவாகும்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்தவர் பெர்மா என்னும் பேரறிஞர். சட்டம் அவர்தம் தொழில். கணிதம் அவர்தம் ஓய்வுநேர இன்பம். அவர் இரண்டில் தொடங்கி, கிடைத்த எண்ணை அதே எண்ணால் பெருக்கிக்கொண்டே சென்றார். 2, 4, 16, 256, 65536 என்பன கிடைத்தன. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்ட 3, 5, 17, 257, 65537 என்னும் எண்கள் வந்தன. ஐந்தும் பகா எண்களே! இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே என்னும் தம் நம்பிக்கையை 1640-ஆம் ஆண்டில் கடிதமொன்றில் எழுதினார். எனினும், அதற்குத் தக்க நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வரிசையின் ஆறாம் எண் 4294967297 ஆகும். இஃது ஒற்றைப்படை எண். ஆதலால் 2 இதனை வகுக்காது. இதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. ஆதலால் 3-ம் வகுக்காது. இவ்வாறே ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்ப்பதாயின், 65536-க்கு உட்பட்ட 6542 பகா எண்களையும் சோதிக்க நேரலாம். அந்நாளில் கணிப்பொறிகள் இல்லை. எனவே, ஏறத்தாழ நூறாண்டுகள் பெர்மாவின் கூற்று மறுப்பாரின்றி நின்றது.

1732-ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயதே நிரம்பிய ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் அவ்வெண்ணை 641 மீதியின்றி வகுக்கும் எனக் காட்டினார். இதற்குரிய விதியையும் அவர் பின்னர் நிறுவினார். ஒரு பகா எண் 4294967297-ஐ வகுக்குமாயின், அப்பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் எஞ்சுவது 64-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பதே அவ்விதி. 65, 129, 193 எனத் தொடரும் அத்தகைய எண்களுள் பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641 என்பன முறையே வரும். முதல் நான்கும் மீதி தருகின்றன. ஐந்தாவதான 641 மீதியின்றி வகுக்கிறது. ஈவு 6700417. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகள் ஐந்தாகச் சுருங்கிய விந்தை இது! 641-ஐயும் 6700417-ஐயும் பெருக்கி, இதன் உண்மையை மாணவர் எவரும் சில நிமிடங்களில் கண்டறியலாம்.

பெர்மாவின் எண்கள் இதனால் பெருமை இழந்தனவல்ல. வட்டத்தில் பதினேழு பக்கங்கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டுமே கொண்டு வரையலாம் என்று 1796-இல் காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் காட்டியபோது, அதற்கு 17 ஒரு பெர்மா பகா எண்ணாக இருத்தலே காரணமாயிற்று. கணிப்பொறிகள் பெருகிய இக்காலத்தும், அவ்வரிசையில் முதல் ஐந்தையன்றி வேறொரு பகா எண் கண்டறியப்படவில்லை. இனி ஒன்றும் இல்லையென எவரும் நிறுவியதுமில்லை.

ஐந்து முறை பொருந்திய ஒன்று ஆறாம் முறையும் பொருந்தும் எனக் கொள்ளுதல் இயல்பு. ஆயினும், இயல்பானது யாவும் மெய்ம்மையாகிவிடாது. எடுத்துக்காட்டுகள் நம்பிக்கையைத் தரும். நிறுவலே உண்மையை நிலைநாட்டும்.