பன்னிரண்டு மணிக்கு இருந்த நிழல்

கோடை லீவுல வியாசர்பாடியில ஏழாவது, எட்டாவது படிக்கிற பசங்களுக்கு சயின்ஸ் எடுக்கறேன்னு சொல்லியிருந்தேன் இல்லையா? லேப் கிடையாது. மொட்டை மாடியும் வெயிலும்தான். அதனால முதல் பாடமே நிழலில்லா நாள்.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில், வருஷத்துக்கு ரெண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். சென்னைக்கு ஏப்ரல் 24, 25 வாக்கில் ஒண்ணு, ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொண்ணு. டெல்லிக்கு வரவே வராது.

சரியா 12 மணிக்கு ஒரு அடி பிவிசி பைப்பை நிறுத்தி வெச்சேன். "நிழல் இல்ல, பாத்தீங்களா?"

எல்லாரும் "ஆமாண்ணா"ன்னாங்க. ஆனா மேற்குப் பக்கம் விரல் அகலத்துக்கு நிழல் இருந்தது! நான் சொன்னேன்னு தலையாட்டியிருக்காங்க. எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. ஒரு பொண்ணு மட்டும் குனிஞ்சபடியே, "அண்ணா, இருக்கே" என்றாள்.

தப்பு என்னுடையது. நம்ம கடிகார நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது. சென்னை அதுக்கு மேற்கே, 80.3 டிகிரியில் இருக்கு. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம்னா, சூரியன் இங்கே 9 நிமிஷம் லேட். பூமியின் சாய்வும் சுற்றுப்பாதையும் சேர்ந்து அந்த வாரத்தில் 2 நிமிஷம் குறைக்கும். ஆக, 12:07.

கால் சுட, ஈரச் சாக்கு மேல நின்னு காத்திருந்தோம். "போச்சுண்ணா!"ன்னு கத்தினதும் அவள்தான்.

இப்போ தினமும் ஒரு விஷயத்தை வேணும்னே தப்பா சொல்றேன். மூணாவது நாளுக்கு அப்புறம் ஒண்ணையும் விட்டுவைக்கறதில்ல.